அச்சமும் செய்தியும்



காகத்தை வாந்தியெடுத்தவன் கதையை நம்மில் அறியாதார் இலர். ஒருவன் ஒருநாட் காலையிற் கறுப்பாக ஏதோ வாந்தியெடுத்தான். கண்டவன் அடுத்த வீட்டாரிடம், காகத்தின் நிறத்தில் வாந்தியெடுத்தான் என்று சொன்னான். அவர்கள் அதற்கு அடுத்த வீட்டாரிடம், ஒரு காகத்தையே வாந்தியெடுத்தான் என்றார்கள். செய்தி ஊரின் மறுகோடியை அடைந்தபோது காகம் ஒன்று பத்தாகிப் பறந்துகொண்டிருந்தது. இக்கதையைச் சிறுவர்க்குச் சொல்லி, கேட்டதைக் கேட்டபடியே சொல்லப் பழகவேண்டும் என்று முடிப்பது நமது வழக்கம்.

கதை நல்ல கதையே. எனினும் அது ஒரு வினாவைக் கேளாமலே விட்டுவிடுகிறது. வாய்வழிச் செல்லும் செய்தி திரிவது இயல்பு. ஆனால் அது ஏன் சிறுத்துப் போகாமற் பெருத்துக்கொண்டே போயிற்று? மனிதன் காகத்தை வாந்தியெடுப்பதாவது என்று இடையில் ஒரு வீட்டாரேனும் ஏன் கேட்கவில்லை? அவர்கள் எல்லாரும் அறிவிலிகள் என்று சொல்லிவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும். படித்தவர் நாவில் அந்தச் சொல் மிக விரைவாக வருவதையும் நாம் கண்டிருக்கிறோம். அது சரியான விடையன்று என்பதையே இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதற்கு நம் நாட்டிலிருந்து சற்றே வடக்கே சென்று, 1934ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பேரிடரை முதலில் நோக்குவோம்.

அவ்வாண்டு ஜனவரி 15ஆந் தேதி பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் நேபாளத்தையும் வட பீகாரையும் ஒரு பெரும் பூமியதிர்ச்சி உலுக்கியது. முங்கேர், முசாபர்பூர் முதலிய நகரங்கள் இடிபாட்டுக் குவியல்களாயின. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாதிப்பின் எல்லைக்கு அப்பாலும் நெடுந்தூரம் நிலம் ஆடியது. அங்கெல்லாம் மக்கள் வெளியே ஓடி நின்றார்கள். சில நிமிடங்களின் பின் திரும்பிப் பார்த்தபோது அவர்களுடைய வீடும் கிணறும் மாட்டுக்கொட்டிலும் இருந்தபடியே இருந்தன.

இத்தகைய இடங்களில் அடுத்த சில நாட்களில் உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளநூல் ஆராய்ச்சியாளர் திரட்டி, 1935இல் ஓர் ஆங்கில ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். அவ்வதந்திகள் விசித்திரமானவை. அதிர்ச்சி நேர்ந்தபோது கங்கையாற்றின் நீர் மறைந்து, நீராடிக்கொண்டிருந்தோர் மணலிற் புதைந்தனர் என்பது ஒன்று. பாட்னா நகரைக் குறித்த ஒரு நாளிற் கடும் புயல் தாக்கும் என்பது மற்றொன்று. வரவிருந்த சந்திரகிரகண நாளில் மறுபடியும் பூமி அதிரும் என்பது வேறொன்று. நடந்ததைக் காட்டிலும் நடக்கவிருப்பது கொடியது என்பதே பெரும்பாலானவற்றின் சாரம்.

பல ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க உளநூலறிஞர் லியோன் பெஸ்டிங்கர் இக்கட்டுரையைப் படித்து ஒரு புதிரிற் சிக்கினார். அச்சமுற்ற மனிதன் ஆறுதலையன்றோ தேடவேண்டும்? பயந்து நடுங்குவோர் தங்களை மேலும் நடுங்கவைக்கும் செய்திகளைத் தாங்களே ஏன் படைத்துப் பரப்புகின்றனர்? அவர் கண்ட விடை இது. இம்மக்களின் உடலும் உள்ளமும் அதிர்ச்சியால் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த நடுக்கத்துக்குத் தக்க காரணம் எதனையும் அவர்களுடைய கண்கள் காணவில்லை. காரணமில்லாத அச்சத்தை மனம் பொறுப்பதில்லை. ஆகவே அது ஒரு புயலையும் ஒரு கிரகணத்தையும் தேடிக் கொண்டுவந்து, நான் அஞ்சுவது இதற்காகவே என்று அமைதியடைந்தது. 1950இல் டார்ஜிலிங் பகுதியில் நிகழ்ந்த மண்சரிவைத் துர்கானந்த சின்ஹா என்னும் ஆராய்ச்சியாளர் நேரிற் கண்டு எழுதினார். அங்கே கண்முன்னே வீடுகள் இடிந்து உறவினர் மாண்டிருந்தனர்; ஆயினும் அத்தகைய மிகைவதந்திகள் அங்கே எழவில்லை. உண்மையான காரணம் எதிரே நின்றமையால் கற்பனைக் காரணம் வேண்டியதில்லாமற் போயிற்று என்று பெஸ்டிங்கர் கொண்டார். 1957இல் அவர் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற நூலின் கருத்து இப்புதிரிலிருந்தே முளைத்தது.

இரண்டு ஆய்வுகளை மட்டும் கொண்டு உலகத்து வதந்திகளையெல்லாம் அளந்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நம் அனுபவத்துக்கு இது ஒத்துவருகிறது. இரவில் வளவின் பின்புறத்திலே ஏதோ விழுந்த ஓசை கேட்டுக் குழந்தை விழித்து அழுகிறது. ஒன்றுமில்லை, படுத்துக்கொள் என்று தகப்பன் அதட்டினால் அது வாயை மூடிக்கொள்ளும், உறங்காது. பேயும் முனியும் அதன் மனத்திலே உருவெடுப்பது அதற்குப் பிறகுதான். தாய் கைவிளக்கை எடுத்துச் சென்று, விழுந்த காவோலையைக் காட்டினால் மறுகணமே உறங்கிவிடும். தகப்பன் சொன்னதும் உண்மைதான். ஆனால் குழந்தை ஓசையைக் கேட்டிருக்கிறது. ஆகவே ஒன்றுமில்லை என்ற சொல்லை அதனால் நம்பமுடியாது. மக்களிடம் வதந்திகளை நம்பாதீர் என்று மட்டும் சொல்லும் அறிவிப்புக்களைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தகப்பனுடைய குரலே என் நினைவுக்கு வருகிறது.

பீகாரை விட்டு வருமுன், அதே அதிர்ச்சியையொட்டி எழுந்த மற்றொரு செய்தியையும் சொல்லவேண்டும். இது கிராமத்து வதந்தியன்று. இந்தியாவின் மிக உயர்ந்த இரு மனிதர்களிடையே நிகழ்ந்த வாதம். அதன் தொடக்கம் தமிழ் மண்ணிலே.

அதிர்ச்சி நிகழ்ந்து ஒன்பது நாட்களின் பின், ஜனவரி 24ஆந் தேதி, தீண்டாமையொழிப்புப் பிரயாணத்திலிருந்த காந்தியடிகள் திருநெல்வேலியில் ஒரு பொதுக்கூட்டத்திற் பேசினார். பீகாரில் நேர்ந்தது, தீண்டாமை என்னும் பாவத்துக்காக இறைவன் நமக்கு அனுப்பிய தண்டனை என்று தாம் நம்புவதாக அங்கே அவர் சொன்னார். பத்திரிகைகள் அதை நாடெங்கும் கொண்டுசென்றன. சாந்திநிகேதனத்தில் அதைப் படித்த இரவீந்திரநாத தாகூர் பெரிதும் வருந்தினார். தீண்டாமையை அவரும் வெறுத்தவரே. காந்தியடிகளிடம் அவர் கொண்டிருந்த மதிப்பையும் உலகம் அறியும். இருந்தும் அவர் வாளாவிருக்கவில்லை. ஒரு மறுப்பை எழுதி, பத்திரிகைகள் தந்த செய்தி மெய்யானால் இதனை வெளியிடுக என்று காந்தியடிகளுக்கே அனுப்பினார்.

இயற்கையின் இடர்களுக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு என்பது தாகூரின் முதல் வாதம். அதனினும் கூரியது அவருடைய அடுத்த வாதம். பூமியதிர்ச்சியை இறைவனுடைய சினமென்று காட்டுவது காந்தியடிகளின் எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும். கோயிற் கதவுகளைத் திறக்க முயன்றதற்காகவே இத்தண்டனை வந்தது என்று அவர்கள் சொன்னால் அதற்கு என்ன மறுமொழி இருக்கிறது என்பது அதன் கருத்து. நியாயமான வினா. இடிபாட்டிற் சிக்கி இறந்தவர்களுள் தீண்டத்தகாதாரென ஒதுக்கப்பட்ட ஏழைகளும் இருந்திருப்பார்களே, அவர்கள் செய்த பாவம் யாது என்றும் நாம் இன்று கேட்கலாம்.

காந்தியடிகள் தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அதை என்னால் நிரூபிக்க முடியாது, ஆயினும் பரிகாசத்துக்கு அஞ்சி மறைத்தால் நான் பொய்யனாவேன் என்ற பொருள்பட மறுமொழி எழுதினார். இவ்விடயத்தில் நான் தாகூரின் பக்கமே நிற்கிறேன். காரணம் தேடி அலைந்துகொண்டிருந்த கோடிக்கணக்கான மனிதரின் அச்சத்துக்கு, அவர்கள் தெய்வமாக மதித்த ஒருவர் தவறான காரணத்தைக் கொடுத்தார். நோக்கம் தூயது என்பதால் அந்தக் காரணம் சரியாகிவிடாது. ஆனால் அவர் செய்த மற்றொரு காரியத்தையும் கவனிக்கவேண்டும். பிப்ரவரி 16ஆந் தேதி வெளிவந்த தமது ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே தாகூரின் மறுப்பையும் வெளியிட்டுத் தம் விடையையும் அங்கேயே கொடுத்தார். காந்தியடிகள் சொன்னதைப் படித்த வாசகன், அது தவறு என்பவரின் சொல்லைத் தேடி வேறெங்கும் ஓடவேண்டியதில்லை. தம்மை மறுப்பவர்க்குத் தம் சொந்த மேடையில் இடங்கொடுக்கும் ஆட்சியாளரும் பத்திரிகாசிரியரும் அன்றும் அரியர், இன்றும் அரியர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வருவதற்கு மனம் கூசுகிறது, ஆனாலும் வரவேண்டும்.

1958ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் நடந்தவற்றை முதியோர் மறந்திரார். அந்நாட்களில் பாணந்துறையில் ஒரு செய்தி பரவியது. அவ்வூரைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவர் மட்டக்களப்புப் பகுதியிற் படிப்பித்து வந்தாரென்றும், அவரைக் கொடிய முறையிற் சிதைத்துக் கொன்றுவிட்டார்களென்றும், உடல் ஊருக்குக் கொண்டுவரப்படுகிறதென்றும் அது கூறியது. ஒரு கூட்டம் அங்கிருந்த இந்துக் கோயிலைத் தேடிச் சென்றது. கோயிலின் பூசகரை வெளியே இழுத்து வந்து உயிரோடு கொளுத்தியது. அக்காலத்திற் பத்திரிகாசிரியராயிருந்த தார்சி விற்றாச்சி அவ்வாண்டிலேயே வெளியிட்ட ஆங்கில நூலில் இக்கொடுமை பதிவாகியிருக்கிறது. பின்னர் கல்வித்துறையினர் விசாரித்தபோது, பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவரும் மட்டக்களப்பில் வேலை பார்க்கவேயில்லை என்பது வெளியாயிற்று.

நேயர்களே, இந்த ஒரு விவரத்தைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. கங்கை வற்றியதா, கிரகணத்தன்று பூமி அதிருமா என்பன சாதாரண மனிதன் தன் வீட்டிலிருந்து தீர்க்கக்கூடிய வினாக்கள் அல்ல. ஆனால் பாணந்துறை ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் இருக்கிறாரா என்பது, கந்தோரில் உள்ள ஒரு பதிவேட்டைப் புரட்டினால் விளங்கக்கூடிய வினா. ஓர் எழுதுவினைஞர் சிறிது நேரத்திற் செய்து முடிக்கும் வேலை. விடையை அறிவிக்க வானொலி இருந்தது. தொலைபேசியும் தந்தியும் இருந்தன. விடை வந்தபோது பூசகர் இல்லை.

அந்நாட்களில் வானொலி மௌனமாக இருக்கவில்லை என்பதுதான் இதிலும் வருந்தத்தக்கது. மே 26ஆந் தேதி அன்றைய பிரதமர் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்கா நாட்டு மக்களுக்கு வானொலியில் உரை நிகழ்த்தினார். அமைதியை வேண்டியே அவர் பேசினார். ஆனால் நுவரெலியாவின் முன்னாள் நகரபிதா செனிவிரத்தினா மட்டக்களப்புப் பகுதியிற் கொலையுண்டதையே கலகத்தின் காரணமாக அவ்வுரை எடுத்துக்காட்டியது. உண்மையிலோ, மே 22ஆந் தேதியே பொலநறுவைப் புகையிரத நிலையத்தில் வன்முறை தொடங்கிவிட்டது. அக்கொலை அதற்குப் பிற்பட்டது. நிகழ்ச்சிகளின் வரிசை மாறியது சிறு பிழைபோலத் தோன்றலாம். ஆனால் எது முன், எது பின் என்பதிலேதான் யார் தொடங்கினார் என்ற வினா தங்கியிருக்கிறது. யார் தொடங்கினார் என்பதிலேதான் பழிவாங்குவோனுடைய நியாயம் முழுவதும் தங்கியிருக்கிறது. மறுநாள் அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. தணிக்கைக்கு உட்படாத ஒரே செய்தி நிறுவனமாகச் சந்திக் கடைவாசல் மிஞ்சியது.

ஒரு பக்கத்தாரிடையேதான் வதந்தி உலவியது என்று எண்ண வேண்டா. தமிழ்ப் பகுதிகளிலும் சிங்கள மக்கள் தாக்கப்பட்டனர். அங்கும் கேள்விப்பட்டோம் என்ற சொல்லே முன்னே நடந்தது. இன்னும் ஒன்று. வதந்தி அச்சத்தின் குழந்தை என்று நான் சொல்வதால், அதை வேண்டுமென்றே நெய்து விற்போர் இல்லை என்று கொள்ளலாகாது. இருக்கிறார்கள். ஆனால் கொள்வாரின்றி விற்பாரில்லை. மொழி, உத்தியோகம், காணி என்பவற்றைப் பற்றிய கலக்கம் இரு சாராரிடமும் ஆண்டுக்கணக்கிற் குவிந்திருந்தது. அக்கலக்கத்தின் உண்மைக் காரணங்களை அமைதியாக எடுத்துரைக்கவேண்டியவர்கள் அதனைச் செய்யவில்லை. அந்த வெற்றிடத்துக்குத்தான் இல்லாத ஆசிரியையின் உடல் வந்து சேர்ந்தது.

பொதுமக்களிடம் பேசுதல் எப்பொழுதும் தோற்றுப்போகிறது என்று நினைத்துத் தாங்கள் சோர்வடையக்கூடும். அவ்வாறன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி காலையிற் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது, ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தக் குரலும் கரைக்கு வந்து சேரவில்லை. அதன்பின் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் தேதி பிற்பகல் இரண்டு மணியளவிற் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் பெரும் அதிர்ச்சி. இம்முறை வானொலி பேசியது, தொலைக்காட்சி பேசியது. மக்கள் கரையை விட்டு உள்ளே சென்றார்கள். நிலத்தட்டுகள் மேலுங்கீழுமாக அசையாமற் பக்கவாட்டில் நழுவியமையால் கடல் பெரிதாகக் கிளம்பவில்லை. அன்றே எச்சரிக்கை விலக்கப்பட்டது. மக்கள் வீடு திரும்பினார்கள். ஏழாண்டுகளுக்கு முன் பிள்ளைகளைப் பறிகொடுத்த அதே கரையார், அதே கடலைக் குறித்த அதே அச்சத்துடன் இருந்தார்கள். எதற்கு அஞ்சுவது, எங்கே செல்வது, எப்போது திரும்புவது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது; அந்த அச்சம் அன்று அவர்களுக்குக் கால்களாக உதவியது.

ஆனால் வானொலிக்கு ஒரு நிலையம் உண்டு; பேசுவோன் இன்னான் என்று தெரியும்; பிழை விட்டால் மறுநாள் திருத்தும்படி கேட்கலாம். இப்பொழுது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு நிலையம் இருக்கிறது. காகம் மறுகோடியை அடைய ஒரு நிமிடமும் வேண்டியதில்லை. பேஸ்புக் நிறுவனமே, 2018ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் மன்னிப்புக் கோரியது. அவ்வாண்டு மார்ச் மாதம் கண்டி மாவட்டத்திற் கலகம் மூண்டபோது அரசாங்கம் சில நாட்களுக்குச் சமூக வலைத்தளங்களை முடக்கிவைத்தது. தீ பற்றிய வீட்டில் முதலில் மின்சாரத்தைத் துண்டிப்பது போன்றது அது. செய்யவேண்டியதாயிருக்கலாம், அதனால் தீ அணைவதில்லை.

கண்டிக்கு ஒரு கிழமை முன்னர் அம்பாறையில் நடந்ததை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். பெப்ரவரி 26ஆந் தேதி இரவு, முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் உண்ண வந்த சிங்களவர் ஒருவர் கறியில் ஏதோ கட்டியாக இருக்கக் கண்டார். சிங்கள மக்களை மலடாக்கும் மாத்திரையை முஸ்லிம் கடைகளில் உணவிற் கலக்கிறார்கள் என்ற கதை அதற்கு முன்னரே ஊரில் உலவிக்கொண்டிருந்தது. ஒரு கூட்டம் கூடியது. கடையில் நின்றவரைச் சூழ்ந்துகொண்டு, மாத்திரை போட்டாயா என்று சிங்களத்திற் கேட்டார்கள். அவருடைய மொழி தமிழ். சிங்களம் நன்றாக வராது. கேட்டது என்னவென்று விளங்காமற் கலங்கி அவர் உளறிய மறுமொழியிலே, ஆம், போட்டோம் என்ற பொருள்படும் சொற்கள் இருந்தன. அது ஒளிப்படக் கருவியிற் பதிவாகியது. ஒப்புதல் வாக்குமூலமாக நாடெங்கும் பரவியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

கட்டியை அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தார். அது மாவு. அறிக்கை வெளிவந்தது மார்ச் மாதத்தில். அதற்குள் திகனவில் வீடுகள் எரிந்துவிட்டன.

அன்றிரவு அந்தக் கடைவாசலில் இரு மொழியும் அறிந்தவர் ஒருவர் நின்று, அவர்கள் கேட்பது இன்னது என்று தமிழில் அவருக்குச் சொல்லியிருந்தால், அவர் என்ன மறுமொழி சொல்லியிருப்பார் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.